ஆடியில் வீடு தேடினேன்: வாடகைத் தளத்துக்கு என் மார்க்

வேளச்சேரியில் ஆறு வருடம் குடியிருந்த வீட்டை 2024 ஜூனில் காலி செய்யச் சொன்னார்கள். ஓனரின் பையன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வருகிறாராம். சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தப் பையனைத் தெரியாமல் இருக்காது. பழைய குடித்தனக்காரரிடம் ஒரேயடியாக ஏழெட்டாயிரம் ஏற்றிக் கேட்கக் கூச்சமாக இருக்கும்போதெல்லாம் அவர் ஊர் திரும்புவார்.

சரி, வீடு தேட வேண்டும். எனக்கு வேலை துரைப்பாக்கத்தில், கணவருக்குக் கிண்டி எஸ்டேட்டில். மகன் ஒன்பதாவது, பள்ளியை மாற்ற முடியாது. மாமியாருக்கு முழங்கால் வலி, லிஃப்ட் இல்லையென்றால் தரைத்தளம். ஒவ்வொரு ஞாயிறும் தெருத்தெருவாக டூ லெட் போர்டு பார்த்து அலைய முடியாது என்று, வீடு தேடித்தரும் இணையதளம் ஒன்றில் 3,499 ரூபாய் கட்டினேன். பெயரை எழுதப்போவதில்லை. இந்த மாதிரித் தளங்கள் சில இருக்கின்றன. ஆபீஸில் தோழிகள் சொல்வதைக் கேட்டால் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான்.

பணம் கட்டினால் 25 ஓனர்களின் எண் தருவார்கள். ‘புரோக்கர் இல்லை, கமிஷன் இல்லை’ என்பதுதான் விளம்பரமே. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். 25 எண்ணில் ஏழு பேர் ‘வீடு போயிடுச்சுங்க’ என்றார்கள். நான்கு எண்களில் யாரும் எடுக்கவில்லை. எட்டுப் பேர் புரோக்கர்கள். இரண்டாவது நிமிடத்திலேயே ‘அந்த வீடு முடிஞ்சுது மேடம், பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கு’ என்றால் அவர் ஓனர் இல்லை என்று மூன்றாவது போனிலேயே பழகிவிட்டது. மிச்சம் ஆறு பேர் உண்மையான ஓனர்கள். அதில் இரண்டு பேருக்கு நாங்கள் அசைவம் சாப்பிடுவது பிடிக்கவில்லை. ஒருவர் ‘சொந்த ஊர் எது?’ என்று ஆரம்பித்து, ஊரிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து அவர் உண்மையில் கேட்க வந்த கேள்விக்கும் போனார். நானே போனை வைத்துவிட்டேன். கார் பார்க்கிங்குக்கும் லிஃப்டுக்கும் ஃபில்டர் வைத்திருக்கும் தளம், இதற்கு ஒரு ஃபில்டர் வைத்தால் எங்களுக்கு நேரமாவது மிச்சமாகும்.

இப்போது அந்தத் தளத்தின் பெருமைக்குரிய விஷயம்: ஒவ்வொரு பகுதிக்கும் ‘சராசரி வாடகை’ என்று ஒரு வரைபடம். வேளச்சேரிக்கு 25,000, கீழ்க்கட்டளைக்கு 21,000 என்று காட்டி, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பச்சை அம்பு. நான் வேளச்சேரியில் 17,500 கொடுத்துக்கொண்டிருந்தேன். 2018ல் 14,000க்கு வந்து, ஏறிக்கொண்டே போனது அது. எங்கள் அபார்ட்மென்டில் குடியிருந்த மற்ற நாலு குடும்பங்களும் 20,000க்குக் கீழேதான். அப்படியென்றால் 25,000 யாருடைய சராசரி?

யோசித்தால் எளிதுதான். தளத்தில் இருப்பவை காலியாக உள்ள வீடுகள் மட்டும். அதுவும் ஓனர் கேட்கும் வாடகை. பேசி முடிந்த வாடகை இல்லை. வருடக்கணக்காக ஒரே வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கும் வாடகை அதில் வருவதே இல்லை. நியாயமான வாடகைக்கு வரும் வீடு மூன்றே நாளில் போய்விடும். அதிகம் சொல்கிற வீடு இரண்டு மாதம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம், 700 சதுர அடி மாடிப் போர்ஷனும், நீச்சல்குளம் வைத்த வளாகத்தில் 1,250 சதுர அடி ஃபிளாட்டும் ‘இரண்டு பெட்ரூம்’ என்ற ஒரே கூடையில். இந்தச் சராசரியைத்தான் ஓனர்கள் போனில் எடுத்து நீட்டுகிறார்கள். ‘நெட்லயே போட்டிருக்கான் பாருங்கம்மா.’ அவர் போட்டதுதான் அதில் இருக்கிறது.

அந்த அம்புக்குத் தெரியாதது இன்னொன்றும் உண்டு, ஆடி மாதம். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில், பள்ளி திறப்பதற்கு முன்னால், வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்சப் பலர் வரமாட்டார்கள். வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் ஓனருக்கு ஆவணிவரை ஒரு மாத வாடகை நஷ்டம். பேரம் பேச வருடத்தில் நல்ல நேரம் அதுதான் என்று என் அம்மா சொல்வார். வீட்டை ஆடியில் பார்த்துப் பேசி டோக்கன் கொடுத்துவிடு, ஆவணியில் குடிபோ. இதை நம்பித்தான் ஜூலைக் கடைசியில் மறுபடி தெருவில் இறங்கினேன்.

மடிப்பாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து, அந்தக் கடைக்காரரிடமே பேசினேன். அவர்தான் புரோக்கர். 3,499 ரூபாய்க்குக் கிடைக்காத விவரம் அவரிடம் சும்மா கிடைத்தது. நான் தளத்தில் குறித்து வைத்திருந்த வீடுகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளினார். ‘இது வேணாம்க்கா, மிக்ஜாம்ல கீழ் வீட்டுல இடுப்பளவு தண்ணி.’ ‘இங்க போர் தண்ணி உப்பு, முடி கொட்டும்.’ ‘இதுல ஈபி ஓனர் பேர்ல ஒரே மீட்டர், சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்குப் பத்து ரூபா வாங்குவாரு.’ மின்வாரியம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகத் தருகிறது. சப் மீட்டர் வீட்டில் அதைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. வாடகை குறைவாகத் தெரியும் வீட்டில், கோடையில் ஏசி ஓடினால் அந்தக் குறைவு மீட்டரில் போய்விடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வீடு பார்க்கப் போகிறவர்கள் ஹாலைப் பார்ப்பதற்கு முன் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். புதுப் பெயின்டுக்கு அடியிலும் தண்ணீர் நின்ற கோடு தெரியும். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் அப்படியே திரும்பிவிடலாம்.

கடைசியில் கீழ்க்கட்டளையில் தரைத்தளத்தில் ஒரு வீடு. தெருவைவிட மூன்று படி உயரம், தனி ஈபி சர்வீஸ். புரோக்கர் சொன்ன வாடகை 20,000. அதே வீடு தளத்திலும் இருந்தது, வேறு யாரோ 21,000 என்று போட்டு 50 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தளம் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அந்தத் தேதிதான். பணம் கட்டாமலேயே பார்க்கக்கூடிய விவரம் அது என்பது வேறு விஷயம். ஓனர் அம்மா ‘மெட்ரோ வரப்போகுது’ என்று ஆரம்பித்தார். வரத்தான் போகிறது, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாம் வழித்தடம் இந்த வழியாகத்தான். ஆனால் இன்றைக்கு இருப்பது தடுப்புத் தகரமும் தூசியும். ‘ரயில் வந்ததும் ஏத்திக்கோங்கம்மா, இப்போ தூசிக்குக் குறைச்சுக்கோங்க’ என்றேன். சிரித்துவிட்டார். 18,000க்கு முடிந்தது. பராமரிப்பு 2,000, லாரித் தண்ணீர் அதிலேயே அடக்கம். ஆக, 20,000. யார் வாடகை சொன்னாலும் இந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் எனக்குப் பாதி வெற்றிதான். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் நான் பார்த்த வீடுகளில் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஐந்து, ஆறு மாதம் கேட்டார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று சொல்கிறது. ஆனால் ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு வாலும் அதில் இருக்கிறது. அந்த வால் எவ்வளவு நீளம் என்று ஓனர்களுக்குத் தெரியும். 90,000 கொடுத்தேன், ஐந்து மாதம். ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். பதினோரு மாத முத்திரைத்தாள் போதுமே என்று எல்லோரும் சொன்னார்கள், நான் விடவில்லை. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், எச்ஆர்ஏ என்னும் வீட்டு வாடகைப்படிக்கு வரி விலக்குக் கேட்க ஓனரின் பான் எண் வேண்டும். இதையும் டோக்கன் கொடுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கினேன். கொடுத்த பிறகு கேட்டால் வராது.

பழைய வீட்டில் கொடுத்திருந்த ஒரு லட்சத்தில் பெயின்டுக்கு ஒரு மாத வாடகை, குழாய்க்கும் கதவுக்கும் 3,000 பிடித்துக்கொண்டு 79,500 வந்தது, இரண்டு தவணையாக.

மார்க் போட வேண்டுமென்றால்: தளத்தின் தேடுதலுக்கு ஐந்துக்கு மூன்று. ஓனர் எண்களுக்கு ஒன்று. சராசரி வாடகைக்குப் பூஜ்யம். ஜெராக்ஸ் கடைக்காரர் ஒரு மாத வாடகை கமிஷன் கேட்டார், 9,000க்கு ஒத்துக்கொண்டார், அவருக்கு நாலரை. அரை மார்க் குறைத்தது, ‘சாயங்காலம் கூப்பிடுறேன்க்கா’ என்று சொன்ன மூன்று சாயங்காலங்களுக்காக.

ஆவணியில் குடிவந்தாகிவிட்டது. தளத்தில் ‘வீடு கிடைத்துவிட்டது’ என்று அழுத்தியும் அறிவிப்புகள் நிற்கவில்லை. செப்டம்பரில் ஒன்று வந்தது: வேளச்சேரி, இரண்டு பெட்ரூம், 27,000. படத்தைத் திறந்தால் எங்கள் பழைய ஹால். ஜன்னலில் நாங்கள் விட்டுவிட்டு வந்த பச்சைத் திரை. போன வாரம் மறுபடி வந்தது, ‘விலை குறைக்கப்பட்டது, 25,000’ என்று. அமெரிக்கப் பையன் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. வேளச்சேரியின் சராசரியில் அந்தத் திரையும் சேர்த்திதான்.