ஏர் பெட், வாட்டர் பெட், ஃபோம்: படுக்கைப் புண்ணைத் தடுக்க எதை வாங்கலாம்?

வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், பின்னந்தலை. படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் புண் வருவது பெரும்பாலும் இங்கேதான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் தசைக்கு ரத்தம் போகாமல் அது செத்துவிடுகிறது.

தானாகப் புரளவே முடியாதவருக்கு ஏர் பெட்தான் எங்கள் முதல் தேர்வு. கரண்டில் ஓடும் பம்ப், சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மெத்தையின் சில காற்றறைகளை உப்ப வைக்க, மற்றவை தளர்வதால் ஒரே இடம் தொடர்ந்து நசுங்காது. ஆனால் பல வீடுகளில் இதைத் தவறாகவே போட்டிருக்கிறார்கள். வெறும் கட்டிலில் விரிக்காமல், இருக்கிற மெத்தைமேல் போடுங்கள். பம்பின் திருகை நோயாளியின் எடைக்கேற்ப வைத்து, அவர் இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதாது. நடுவே ஓர் அங்குலமாவது காற்று நிற்க வேண்டும். ரெக்சின், அதன்மேல் மடித்த போர்வை என்று அடுக்கினால் மெத்தையின் வேலை தோலுக்கு எட்டாது, வியர்வையும் தேங்கும். ஒரே ஒரு பருத்தி விரிப்பு, அதுவும் இழுத்துச் செருகாமல், போதும்.

கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், இன்வர்ட்டரும் இல்லையென்றால், வாட்டர் பெட் கைகொடுக்கும். தண்ணீரைத் ததும்ப நிரப்பினால் இறுகிவிடும். குறைந்தால் இடுப்பு அடியில் இடிக்கும். 100 லிட்டர் பிடித்தால் 100 கிலோ, கட்டில் தாங்குமா பாருங்கள். ஆளைப் புரட்டுவதும் உட்கார வைப்பதும் இதில் சிரமம்.

கொஞ்சமாவது தானே புரள்பவருக்கு அடர்த்தியான ஃபோம் போதும். நடுவில் பள்ளம் விழுந்தால் மாற்றிவிடுங்கள்.

நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். விளிம்பு ரத்த ஓட்டத்தை நெருக்கி, நடுவில் இருக்கும் தோலை இன்னும் கெடுக்கும்.

எந்த மெத்தையானாலும் ஆளைப் புரட்டத்தான் வேண்டும், பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் இடுப்பெலும்பு தப்பும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள்.

புரட்டும்போது சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காத சிவப்பு புண்ணின் முதல் நிலை; அங்கே எடை படாமல் பாருங்கள், தேய்த்துவிடாதீர்கள். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.