சாய்ஸ் ஃபில்லிங்கை அடுத்தவர் கையில் கொடுத்து நாங்கள் ஏமாந்தோம்

பொறியியல் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது ஆன்லைனில் வேண்டிய கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவதில், அந்தப் பட்டியலை லாக் செய்வதற்கு (இனி மாற்ற முடியாதபடி உறுதி செய்வதற்கு) முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் மகளின் கட்-ஆஃப், அதாவது சேர்க்கைக்கான மதிப்பெண், 200-க்கு 187. கணிதத்தில் நூற்றுக்கு 94, ஐம்பதுக்குக் கணக்கிட்டால் இயற்பியலுக்கு 46, வேதியியலுக்கு 47. இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) படிக்க ஆசை. கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), சேலம் அரசு பொறியியல் கல்லூரி என்று ஆரம்பித்து, வரிக்கு ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவுமாக ரஃப் நோட்டில் பென்சிலால் நாற்பது வரி எழுதி வைத்திருந்தாள். பயந்தது நான்தான். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஆளுக்கொரு பேச்சு, மூன்றே நாள் அவகாசம். 'கவுன்சிலிங் ஆலோசனை' என்று போர்டு மாட்டியிருந்த ஒருவரிடம் 2,500 ரூபாய் கட்டினேன்.

நோட்டைப் பார்த்ததுமே, "சார், கிடைக்காத காலேஜை மேல போட்டா சாய்ஸ் வீணாயிடும். கிடைக்கிறதைத்தான் முதல்ல போடணும்" என்றார். எனக்கும் சரி என்று பட்டது. 2009-ல் என் தம்பி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், திரையில் காலியிடம் பார்த்து, அங்கேயே ஒன்றைச் சொல்லி வாங்கி வந்தான். இப்போது எல்லாம் ஆன்லைன், நான் அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன்.

அவர் சொன்னது சுத்தப் பொய். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். முதல் வரியில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எந்த வரியில் முதலில் இடம் இருக்கிறதோ அது நமக்கு. மேலே பத்துக் கல்லூரி கிடைக்காமல் போனாலும் பதினோராவது வரிக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம், லாக் செய்யும்வரை மாற்றலாம்.

லாக் செய்த பிறகுதான் பிரிண்ட் கொடுத்தார். வரும் வழியில் பஸ்ஸில் அதைப் பிரித்துப் பார்த்த மகள், "அப்பா, நான் எழுதினது இப்படி இல்லையே" என்றாள். முதல் மூன்று வரியும் ஒரே தனியார் கல்லூரி, பாடப்பிரிவு மட்டும் வேறு வேறு. ஜிசிடி ஏழாவது வரியில் கிடந்தது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "நீங்க ஓகே சொன்னப்புறம்தானே சார் லாக் பண்ணேன்" என்றார்.

அலாட்மென்ட் (இட ஒதுக்கீடு) வந்தது. அந்தத் தனியார் கல்லூரிதான், முதல் வரியே. இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும். இடத்தை ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் கிடைத்ததே முதல் விருப்பம், அதற்கு மேலே காத்திருக்க என்ன இருக்கிறது? வேண்டாம் என்று அடுத்த ரவுண்டுக்குப் போனால் கையிலிருக்கும் இடமும் போய்விடும், மிச்சம் இருப்பதில்தான் தேட வேண்டும். துணியவில்லை, சேர்த்துவிட்டோம். மறுநாள் காலையிலேயே கல்லூரியிலிருந்து ஒருவர் போன் செய்து, "அண்ணன் அனுப்பின பொண்ணுதானே?" என்று விசாரித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவளோடு படித்த பெண், அதே பிசி பிரிவு, ரேங்கில் இவளுக்குப் பின்னால் இருந்தவள். தானே உட்கார்ந்து சாய்ஸ் போட்டாள். இப்போது சேலம் அரசுக் கல்லூரியில் இசிஇ படிக்கிறாள்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் மாவட்டத்திலுள்ள டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) சேவை மையத்துக்குப் போங்கள், அங்கே காசு வாங்குவதில்லை. பிள்ளை எழுதிய நோட்டையும் கையோடு கொண்டு போங்கள். திரையில் இருப்பதை நோட்டோடு வரி வரியாக ஒத்துப்பார்த்த பிறகு, பிள்ளையையே லாக் செய்யச் சொல்லுங்கள். என் மகளின் ரஃப் நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.