டர்போவுக்கு போர்வை போர்த்தி ஒன்றரை வருஷம் ஆச்சு, தேறுமா தேறாதா?

வாங்கினதே தப்பான காரணத்துக்குத்தான், அத முதல்லயே ஒத்துக்கறேன். பானெட்டுக்குள்ள சூடு குறைஞ்சா வண்டி பிச்சுக்கிட்டு போகும்னு நெனச்சு இந்த டர்போ பிளாங்கெட்ட, அதாவது எக்ஸாஸ்ட் புகையால சுத்தி இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ற டர்போவுக்கு போர்த்தற சூடு தாங்கற போர்வைய, ஆர்டர் பண்ணேன். வண்டி ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், பானெட் ரொம்ப தாழ்வு, உள்ள ஒரு விரல் நுழைய இடம் கிடையாது, வண்டிக்கு வயசும் ஆயிடுச்சு. நல்லா விரட்டிட்டு வந்து சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னா போதும், அடுத்து மிதிக்கும்போது தூங்கி எழுந்தவன் மாதிரி நகரும். இது ஹீட் சோக், அதாவது நிக்கும்போது பானெட்டுக்குள்ள தேங்கற சூடு இன்ஜினுக்கு போற காத்தயும் சூடாக்கி பவர குறைக்கறது, டர்போ வண்டி வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பிராண்ட் பேர் போடல. இந்த மாதிரி பிளாங்கெட் பல பேர்ல வருது, அமைப்பு எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். டர்போவோட எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கற டர்பைன் ஹவுசிங்க்கு (புகை சுத்தற சக்கரத்தோட இரும்புக் கூடு) மட்டும் மாட்டற ஒரு குல்லா, அவ்ளோதான். என்னோடது டி3ன்னு சொல்ற டர்போ சைஸுக்கானது. வெளிய எரிமலைப் பாறைய உருக்கி இழுத்த பசால்ட் நூல் துணி, நடுவுல சிலிக்கா பஞ்சு, உள் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, ஓரத்துல கொக்கி, கொக்கிக்கு கொக்கி ஸ்பிரிங் மாட்டி இழுத்துக் கட்டணும். தையல் நல்ல தையல், இன்னைக்கு வரைக்கும் ஒரு நூல் பிரியல. ஸ்பிரிங் கதை வேற, அதுக்கு அப்பறம் வரேன்.

மாட்டறது அரை மணி நேர வேலைன்னு டப்பால போட்டிருந்தாங்க. எனக்கு முழு ஞாயித்துக்கிழமை போச்சு. கம்பெனி ஹீட் ஷீல்டோட (சூட்ட தடுக்கற தகடு) மூணு போல்ட்ல ரெண்டு ஒழுங்கா வந்துச்சு, மூணாவது தலை முறிஞ்சு ஸ்பேனரோடயே கைக்கு வந்துடுச்சு. கிளவுஸ் போட்டேன், முழுக்கை சட்டை போடல, அந்தத் துணில இருந்து உதிர்ற தூசி பட்டு ரெண்டு நாள் முழங்கை வரைக்கும் அரிப்பு. மாஸ்க்கும் போட்டுக்கங்க.

ஷீல்ட தூக்கிட்டு டார்ச் அடிச்சப்பதான் நெஞ்சு திக்குன்னுச்சு. டர்போவுக்கு நாலு விரல் தள்ளி போற வயரிங் மேல இருந்த கருப்பு பிளாஸ்டிக் குழாய லேசா தொட்டேன், காஞ்ச சருகு மாதிரி நொறுங்கி உள்ள இருந்த ஆக்சிஜன் சென்சார் வயர் அப்படியே தெரியுது, வயரோட தோல் கூட வெடிக்க ஆரம்பிச்சிருக்கு. பக்கத்துல போற கூலன்ட் ஹோஸ அமுக்கினா ரப்பர் மாதிரியே இல்ல, கட்டை மாதிரி இருக்கு. பவர் பவர்னு நான் அலைஞ்சிட்டு இருந்த நேரத்துல உள்ள இதெல்லாம் மெதுவா வெந்துட்டு இருந்திருக்கு. ஹோஸையும் வயர் குழாயையும் மாத்திட்டுத்தான் பிளாங்கெட் மேலயே கை வச்சேன்.

பெட்ரோல் டர்போல எக்ஸாஸ்ட் கேஸ் 900 டிகிரி செல்சியஸ் தாண்டும், நல்லா விரட்டினா அந்த ஹவுசிங் இருட்டுல செவசெவன்னு ஒளிரும். அப்படி ஒளிர்ற இரும்பு பக்கத்துல இருக்கறத தொடாமலே சுடும், அந்தக் கதிர்வீச்சு வெப்பநிலையோட நாலாம் படிக்கு ஏறும், கெல்வின்ல கணக்கு போடணும். 800 டிகிரில இருக்கற இரும்புக்கு பதிலா 300 டிகிரில இருக்கற துணி வெளிய தெரிஞ்சா கதிர்வீச்சு பன்னெண்டுல ஒரு பங்கு ஆயிடும், துணியும் இரும்பும் ஒரே மாதிரி கதிர்வீசும்னு வச்சுக்கிட்டா. ஹோஸுக்கும் வயருக்கும் கிடைக்கற நிம்மதி இதுலதான் இருக்கு.

சரி, மாட்டியாச்சு, ஸ்டார்ட் பண்ணா புகை. பயப்படாதீங்க, துணில இருக்கற பசை எரியுது, ரெண்டு மூணு ஓட்டத்துல நின்னுடும், நாத்தம் மட்டும் ஒரு வாரம் இருந்துச்சு. அதவிட பெரிய கூத்து ரோட்ல. பூஸ்ட், அதாவது டர்போ தள்ற காத்தோட அழுத்தம், ஏறவே இல்ல, பழைய அளவுல பாதிதான் வருது. டர்போவே போச்சுன்னு நெனச்சுட்டேன். திரும்ப வந்து பாத்தா பிளாங்கெட் ஓரம் வேஸ்ட்கேட் (பூஸ்ட் எல்லை தாண்டாம கொஞ்சம் புகைய டர்பைனுக்கு போகாம திருப்பி விடற வால்வு) ஆர்ம்ல இடிச்சுக்கிட்டு வால்வ முழுசா மூட விடாம புடிச்சிருக்கு. உள்ளயே வேஸ்ட்கேட் இருக்கற டர்போன்னா அந்த ஆர்ம் ஃப்ரீயா ஆடுதான்னு கையால தள்ளிப் பாக்காம பானெட்ட மூடாதீங்க. எனக்காவது பூஸ்ட் குறைஞ்சுச்சு, இதே துணி வால்வ திறக்க விடாம தடுத்திருந்தா பூஸ்ட் எகிறி இன்ஜினுக்கே சங்குதான்.

இப்ப ரிசல்ட். ஓபிடில (வண்டி கம்ப்யூட்டரோட சென்சார் அளவ படிக்கற சாக்கெட்) இன்டேக் டெம்பரேச்சர், அதாவது இன்ஜினுக்குள்ள போற காத்தோட சூடு, பாத்தேன். ஓடும்போது வித்தியாசம் பூஜ்யம், உண்மையாவே பூஜ்யம். யோசிச்சா அது நியாயந்தான், 1 பார் பூஸ்ட்டுக்கு காத்த அமுக்கும்போதே அது 100 டிகிரி தாண்டிடும், அத தணிக்கறது முன்னாடி இருக்கற இன்டர்கூலர் வேலை, டர்பைனுக்கு போர்வை போட்டு அதுல என்ன ஆகப்போகுது. பத்து நிமிஷம் ஐடில்ல நிக்கும்போது மட்டும் முன்ன 62 வரைக்கும் ஏறினது இப்ப 58ல நிக்குது. 60 டிகிரி காத்த 45க்கு இறக்கினாக் கூட அடர்த்தி 5 சதவீதம் கிட்டதான் கூடும், நாலு டிகிரிக்கு என்ன கூடும்னு நீங்களே பாத்துக்கங்க. டர்போ சீக்கிரம் ஸ்பூல் ஆகுது, அதாவது வேகமெடுக்குதுன்னு விளம்பரத்துல போடறாங்க. சூடு வெளிய போகாம கேஸ்லயே தங்கினா டர்பைனுக்கு நல்லதுதான், ஆனா என் காலுக்கு அப்படி ஒண்ணும் தெரியல.

வெளிய வர்ற டெஸ்ட் வீடியோக்கள பாத்தும் ஏமாறாதீங்க. தொடாமலே சூட்ட அளக்கற லேசர் கன்ன பளபளன்னு இருக்கற ஷீல்டு மேல காட்டி "பாருங்க 80 டிகிரிதான்"ம்பாங்க. பளபளப்பான உலோகத்துல அந்த கன் எப்பவுமே கம்மியாத்தான் காட்டும், ஏன்னா அது பெரும்பாலும் எதிர்ல இருக்கறதோட பிரதிபலிப்ப அளக்குது. நான் புது கூலன்ட் ஹோஸ் மேல ஒரு தெர்மோகப்பிள (தொட்டு சூட்ட அளக்கற வயர் சென்சார்) கட்டி அளந்தேன், ஒரே ரூட்டு, ஒரே மாதிரி ஓட்டு, பிளாங்கெட்ட கழட்டிட்டு ஒரு தடவ மாட்டிட்டு ஒரு தடவ. 40 டிகிரிக்கு மேல குறைஞ்சிருந்துச்சு. இந்த ஒரு ரீடிங்குக்கே கொடுத்த காசு தகும்னு சொல்வேன்.

ஒரு தொல்லையும் இருக்கு. வண்டிய ஆஃப் பண்ணதும் ஹவுசிங்ல மாட்டிக்கிட்ட சூடு வெளிய போக முடியாம நடுவுல பேரிங் இருக்கற பக்கம் ஏறும், அங்க தேங்கின ஆயில் கருகி கரியா படியும். பேரிங் ஹவுசிங்க்கு கூலன்ட் ஓடற டர்போன்னா பரவால்ல, வெறும் ஆயில் கூலிங்னா நான் இத மாட்டவே மாட்டேன். கூலன்ட் இருந்தாலும் கடைசி சில நிமிஷம் பூஸ்ட் இல்லாம அமைதியா ஓட்டிட்டு வந்து நிறுத்தறேன். அப்பறம் பேரிங் பக்கமும் காத்த அமுக்கற கம்ப்ரஸர் பக்கமும் சேத்து மூடாதீங்க, டர்பைனோட நிறுத்திக்கங்க. மேல எங்கயாவது ஆயில் லீக் இருந்தா முதல்ல அத அடைங்க, ஆயில் ஊறின போர்வை தீப்பந்தம்.

பானெட் பின் பக்க ஹின்ஜுக்கு அடியில வாஷர் வச்சு தூக்கற வைத்தியமும் பண்ணி பாத்தேன், வெக்கமா இருக்கு. நிக்கும்போது அந்த சந்துல அனல் வெளிய வர்றது கண்ணுக்கே தெரியும், பாத்து குஷியாயிட்டேன். ஆனா ஓடும்போது கண்ணாடிக்கு கீழ அந்த எடத்துல காத்தழுத்தம் ஜாஸ்தி, காத்து உள்ள வருமே தவிர வெளிய போகாது, அதனால ரேடியேட்டர் வழியா வர வேண்டிய காத்தும் மந்தமாகும். போதாக்குறைக்கு ஏசி வென்ட்ல சூடான ஆயில் வாடை. மறுநாளே கழட்டிட்டேன். பானெட்டோட முன் பாதில, ரேடியேட்டருக்கு கொஞ்சம் பின்னாடி அழுத்தம் கம்மி, அங்க லூவர் (காத்து வெளிய போற சாய்வான கீறல்) வெட்டினதுக்கு அப்பறந்தான் நின்னு கிளம்பும்போது இருந்த சோம்பல் பாதியா குறைஞ்சுச்சு, மழைத்தண்ணி உள்ள சொட்டும், அத பொறுத்துக்கணும். அடியில இருக்கற பிளாஸ்டிக் தட்ட காத்தோட்டத்துக்குன்னு கழட்டறவங்களும் இருக்காங்க, வேண்டாங்க, ரேடியேட்டருக்கு பின்னாடி காத்த இழுக்கறதே அதுதான்.

கூடவே ஒரு சுருள் தங்கக் கலர் டேப் கொடுத்தாங்க, இன்டேக் பைப்ல சுத்தினேன். சும்மா ஷோன்னு சிரிக்காதீங்க, 1992ல வந்த மெக்லாரன் எஃப்1 இன்ஜின் ரூம்ல நெஜ தங்கத் தகடே ஒட்டியிருந்தாங்க, அகச்சிவப்பு வெப்பத்த தங்கம் அவ்ளோ நல்லா திருப்பி அடிக்கும். என்னோடதுல தங்கம் இல்ல, தூசி படிஞ்சு இப்ப பித்தளை மாதிரி இருக்கு, துடைச்சாதான் வேலை செய்யும்.

ஸ்பிரிங்குக்கு வரேன். எட்டு மாசத்துல நாலுல மூணு சூட்டுல தளந்து தொங்கிடுச்சு, ஒண்ணு எங்கயோ ரோட்ல விழுந்தே போச்சு. விக்கறவங்களுக்கு மெயில் போட்டேன், நான் ஓவரா விரட்டறேனாம். டர்போக்குன்னே விக்கற சாமான்யா அது. இப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி முறுக்கி கட்டியிருக்கேன், ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் ஒரு தடவ இழுத்துப் பாக்கறேன், அசையல. துணிக்கு அஞ்சுக்கு நாலரை, ஸ்பிரிங்குக்கு அரை.