முன்பக்கம் 'டக் டக்' சத்தமா? ஷாக் மாற்றச் சொன்னதும் தலையாட்டாதீர்கள்

மதுரை பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2010 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றுக்கு நடந்த வேலை இது. கடையின் பெயர் வேண்டாம், தேவையில்லாத பாகத்தை மாற்றிக் காசு பார்ப்பதையே தொழிலாகச் செய்கிற கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கின்றன. வண்டிக்காரர் திருமங்கலத்து ஆசிரியர். சின்னப் பள்ளத்தில் விழும்போதும், வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போதும் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம். வழவழப்பான ரோட்டில் ஒன்றுமில்லை. லிஃப்டில் ஏற்றிய கையோடு மெக்கானிக் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சார், ரெண்டு ஷாக்கும் போயிருச்சு. லோயர் ஆர்மும் முடிஞ்சுருச்சு. ரேக்குலயும் ஆட்டம் இருக்கு, அத அடுத்து பாத்துக்கலாம். இப்பிடியே ஓட்டுனீங்கன்னா வீல் கழண்டுரும் சார்." (ஷாக் என்பது குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழாய், லோயர் ஆர்ம் சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை, ரேக் ஸ்டேரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம்.)

வீல் கழன்றுவிடும் என்றால் யார்தான் மறுப்பார்கள்? ஷாக் இரண்டு, மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையை வண்டியோடு பிடிப்பது) இரண்டு, லோயர் ஆர்ம் இரண்டு, கூலி, அலைன்மெண்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) எல்லாம் சேர்த்து 26,800 ரூபாய். டெலிவரி கொடுக்கும்போது காளவாசல் மேம்பாலத்தில் ஏறி இறங்கி ஓட்டிக் காட்டினார்கள், சத்தமே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டி கப்பலூர் தாண்டுவதற்குள் அதே 'டக் டக்'.

பிறகு வேறொரு மெக்கானிக் பார்த்தபோது, பழுது இருந்தது இடது பக்க லிங்க் ராடில். ஸ்டெபிலைசர் பாரையும் (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் முறுக்குக் கம்பி) ஷாக்கையும் இணைக்கிற, இரண்டு முனையிலும் சின்ன பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு) உள்ள கம்பி அது. வெளி மார்க்கெட்டில் ஜோடி வாங்கினாலும் ஒரு ஷாக் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. மேம்பாலத்தில் சத்தம் வராததற்கும் இதுதான் காரணம். இரண்டு முன்சக்கரமும் ஒரே மட்டத்தில் ஓடினால் பார் முறுக்காது, லிங்க் ராடுக்கு வேலையே இல்லை. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போதுதான் தேய்ந்த ஜாயிண்ட் தட்டும். ஆகவே ஓட்டிப் பார்ப்பதென்றால், பேவர் பிளாக் பெயர்ந்த தெருவிலோ தோண்டி மூடிய ரோட்டிலோ 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். மேம்பாலத்துக்குக் கூட்டிப்போகிற மெக்கானிக்கிடம் கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

லிங்க் ராடைச் சோதிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் பார் முறுக்கிக்கொண்டு ராடை இறுக்கிப் பிடிக்கும், ஆட்டம் கைக்குத் தெரியாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கவேண்டும், அல்லது லிஃப்டில் இரண்டும் ஒன்றுபோலத் தொங்கவேண்டும். அப்போது ராடைப் பிடித்து ஆட்டினால் தேய்ந்தது 'கடக்' என்று காட்டிக்கொடுக்கும். இன்னும் உறுதி வேண்டுமா? இரண்டு பக்க ராடையும் கழற்றி, பாருக்கும் ஷாக்குக்கும் இடிக்காதபடி ஒதுக்கிக் கட்டிவிட்டு, மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். சத்தம் நின்றால் பழுது அங்கேதான். வளைவில் வண்டி வழக்கத்தைவிடச் சாயும், அதனால் தெருவைத் தாண்டி ஓட்டவேண்டாம்.

இனி, அந்த ஆசிரியரிடம் காட்டிய 'ஆதாரங்கள்'. ஷாக்கில் எண்ணெய் ஈரத்தைக் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் கசிகிற ஷாக்கில் எண்ணெயோடு புழுதி சேர்ந்து கறுத்த பிசுக்காக இருக்கும், கீழே ஸ்பிரிங் உட்காரும் தட்டு வரை வழிந்திருக்கும். பளபளவென்று புது எண்ணெய் ஈரமும் அதைச் சுற்றிலும் காய்ந்த புழுதியும் இருந்தால், யாரோ சற்றுமுன் துணியால் தடவியது. மேல் சீலுக்குப் பக்கத்தில் லேசான ஈரப்படலம் மட்டும் இருந்தால் அது கசிவும் அல்ல, ராடு மேலும் கீழும் போய்வரும்போது கொஞ்சம் எண்ணெய் ஒட்டத்தான் செய்யும். பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று பார்க்கும் பழைய சோதனை, முழுக்கச் செத்த ஷாக்கைத்தான் பிடிக்கும். பாதி தேய்ந்தது அதில் தப்பிவிடும். டயரைப் பாருங்கள்: உள்ளங்கையால் சுற்றிலும் தடவும்போது அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் மேல் சந்தேகப்படலாம், பேலன்சிங்கும் பார்க்கவேண்டும்.

ரேக்கில் ஆட்டம் என்று காட்டிய விதம் இன்னும் மோசம். ஸ்டேரிங் லாக் போடாமல் சக்கரத்தின் இரு பக்கத்தையும் (கடிகாரத்தில் 3, 9 இருக்குமிடம்) பிடித்து ஆட்டினால் சக்கரம் அசையத்தான் செய்யும். எதிர்ப்பக்கச் சக்கரமும் கூடவே அசைந்தால் அது ஆட்டமே இல்லை, ஸ்டேரிங் திரும்புகிறது. ஒருவர் சக்கரத்தை ஆட்ட, இன்னொருவர் டை ராடு எண்ட் (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் வெளிமுனை) மேல் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். அது தேய்ந்திருந்தால் ஜாயிண்டுக்குள் ஒரு தட்டல் விரலுக்குத் தெரியும். எண்ட் சரி, ஆனாலும் ஆட்டம் இருக்கிறது என்றால் ரேக் எண்டின் (அதே கம்பியின் உள்முனை) ரப்பர் பூட்டைப் பிடித்து அழுத்தி உள்ளே பார்க்கலாம். ரேக்கைத் தொடுவது அதற்கும் பிறகு.

சக்கரத்தை மேலும் கீழும் (12, 6) பிடித்து ஆட்டும்போது ஆட்டம் வந்தால், பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகாவிட்டால் லோயர் ஆர்ம் முனையில் உள்ள பால் ஜாயிண்ட். ஸ்விஃப்ட் மாதிரி ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக உள்ள அமைப்பு) வைத்த வண்டிகளில் கீழ் பால் ஜாயிண்ட் வண்டியின் பாரத்தைச் சுமப்பதில்லை, அதனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் தள்ளிப்போடவும் வேண்டாம். மெக்கானிக் பயமுறுத்தியது உண்மையாகக்கூடிய இடம் இது.

லோயர் ஆர்ம் புஷ் (ஆர்மை வண்டியோடு பிடிக்கும் ரப்பர்) போனால் அடையாளமே வேறு: பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ரிவர்ஸில் வந்து நிறுத்தும்போது ஒரே ஒரு 'டொக்'. ரப்பரின் மேல் தோலில் வெடிப்பு இருப்பதைக் காட்டி மாற்றச் சொல்வார்கள். பத்துப் பன்னிரண்டு வருட வண்டியில் அது இருக்கத்தான் செய்யும். கடப்பாரையால் நெம்பும்போது ரப்பர் ஆழமாகக் கிழிந்து திறந்தால் மட்டும் மாற்றுங்கள். ஸ்டேரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் மவுண்ட் பேரிங். சின்ன மேடுபள்ளத்தில் வரும் சத்தம், பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் கேலிப்பர் பின்னோ பேடோ ஆடுகிறது, அதற்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை.

பணம் போனதோடு முடியவில்லை. மாற்றிய ஷாக் புதியதே இல்லை, பழையதை அறுத்து, எண்ணெய் ஊற்றி, வெல்டு வைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்த ரீகண்டிஷன் சரக்கு. உடம்பில் பார்ட் நம்பர் இல்லை, வெல்டு தடத்தின் மேல் பெயிண்ட் திட்டுத்திட்டாக இருந்தது. புது லோயர் ஆர்ம் இரண்டிலும் புஷ் முறுக்கிக்கொண்டு நின்றது. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுதி இறுக்கம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ஆனால் ரப்பரின் நடுக்குழாய் இறுகிய இடத்திலேயே நிற்கும். எந்நேரமும் முறுக்கிலேயே இருக்கிற ரப்பர் சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, அதன்பிறகே டார்க் ரென்ச் (அளவான இறுக்கம் கொடுக்கும் ஸ்பேனர்) போடவேண்டும். நல்லவேளை, அந்தப் புஷ் இன்னும் கிழியவில்லை. போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கியதில் தப்பித்தது.

அலைன்மெண்டுக்குத் தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் கம்ப்யூட்டர் பிரிண்ட் இல்லை. ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரம் மாட்டும் பாகம்) பிடிக்கிற போல்ட்டைக் கழற்றினாலே கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறும், கூடவே டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம்) மாறும். அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் ஓரம் தின்றுபோகும். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் உள்ள பிரிண்டைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான்களையும் டிக்கியில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். வண்டியை விடும்போதே இதை ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) எழுதிவிட்டால் பின்னால் பேச்சுக்கு இடமில்லை. இந்த ஆசிரியர் கேட்டபோது, "அதெல்லாம் அப்பவே காயலான் கடைக்குப் போயிருச்சு சார்" என்று பதில்.

அவர் கையில் இருப்பது எஸ்டிமேட் பேடில் எழுதிய துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, பார்ட் நம்பர் இல்லை. அதை வைத்து ஷாக் கம்பெனியிடம் வாரண்டி கேட்க முடியாது. ஆனாலும் பணத்தை ஜிபே மூலம் கொடுத்திருப்பதால் நுகர்வோர் ஆணையத்தில் காட்ட அது ஓர் ஆதாரம். சேவைக் குறைபாட்டுக்கு 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்து பார்க்கலாம். ஆசிரியர் அந்த இரண்டாவது மெக்கானிக்கிடம் 'லிங்க் ராடு மட்டுமே பழுது' என்று கையெழுத்தோடு எழுதி வாங்கி, கழற்றிய ராடையும் அந்த ரீகண்டிஷன் ஷாக்கின் வெல்டு தடத்தையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.