தனிக்கூறு அரைக்கடத்திகள்: எந்த ஸ்பைஸ் மாதிரி எதற்கு?

ஸ்பைஸ் என்பது மின்சுற்றின் நடத்தையைக் கணினியில் கணித்துக் காட்டும் சிமுலேஷன் மென்பொருள்; ஒரு கூறின் நடத்தையை அதற்கு விவரிக்கும் கோப்புதான் மாதிரி. ஒரே மாஸ்ஃபெட்டுக்கு (கேட் மின்னழுத்தத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர்) இரண்டு மூன்று ஸ்பைஸ் மாதிரிகளை உற்பத்தியாளரே வழங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றுள் மிகப் பெரிய கோப்பைத்தான் மிகத் துல்லியமானதென்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிமுலேஷனில் எதைக் கண்டறிய முனைகிறோம் என்பதைப் பொறுத்தே மாதிரியின் தகுதி அமைகிறது.

டயோடு, இருமுனை டிரான்சிஸ்டர் ஆகியவற்றுக்கு, சமன்பாடுகள் ஸ்பைஸுக்குள்ளேயே இருக்க, நாம் அளவுருக்களை மட்டும் தரும் ஒற்றை வரி மாதிரி பெரும்பாலும் போதும். டிரான்சிஸ்டருக்கு 1970இல் வெளியான கம்மல்–பூன் மாதிரி இன்றும் ஈடுகொடுக்கிறது. டயோடில்தான் ஒரு குறை உண்டு: தேங்கிய மின்னூட்டம் தீர்ந்ததும் எதிர்மீட்பு மின்னோட்டம் (டயோடு அணையும்போது சிறிது நேரம் எதிர்த்திசையில் பாய்வது) சட்டென்று அறுந்துவிடுவதாக அந்த ஒற்றை வரி மாதிரி காட்டும், மென்மையாக அடங்கும் டயோடுக்கு அந்த அலைவடிவத்தை நம்பி ஸ்னப்பர் (மின்னழுத்தத் துள்ளலை அடக்கும் சுற்று) மதிப்புகளைத் தீர்மானிக்கக் கூடாது.

பவர் மாஸ்ஃபெட்டில் வேறுபாடுகள் கூர்மையாகின்றன. ஸ்பைஸின் முதல் நிலை மாதிரியான ஷிக்மன்–ஹாட்ஜஸ் 1968இல் பிறந்தது. கேட்டுக்கும் டிரெயினுக்கும் இடையிலான மின்தேக்குத்திறனை ஏறத்தாழ மாறிலியாகவே அது வைத்துக்கொள்கிறது. செங்குத்து அமைப்புடைய பவர் மாஸ்ஃபெட்டிலோ அந்த மின்தேக்குத்திறன் டிரெயின் மின்னழுத்தத்தைப் பொறுத்துப் பல மடங்கு மாறுகிறது. அதனால் மில்லர் சமதளமும் (ஸ்விட்ச் ஆகும்போது கேட் மின்னழுத்தம் சற்று நேரம் மாறாமல் நிற்கும் கட்டம்), அதையொட்டி ஸ்விட்ச்சிங் இழப்பும் தவறாகவே வரும். எல்டிஸ்பைஸ் என்ற ஸ்பைஸ் மென்பொருளில் பவர் மாஸ்ஃபெட்டுக்கென உள்ள விடிமாஸ் மாதிரி இந்த மாற்றத்தையும் உள்ளுறை டயோடையும் தன்னுள் கொண்டிருப்பதால், ஓர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் முறை மின்வழங்கி) வடிவமைப்பின் தொடக்கக் கட்டத்துக்கு அதைவிட வசதியான தேர்வு எனக்குத் தெரியவில்லை.

உற்பத்தியாளரின் சப்சர்க்யூட், அதாவது பல கூறுகளைக் கோத்து ஒரே கூறாக்கிய மாதிரி, இதற்கும் மேலே செல்கிறது. பொதியுறைக் கால்களின் மின்தூண்டலைச் சேர்ப்பதால், சோர்ஸ் காலில் எழும் மின்னழுத்தம் கேட் இயக்கத்தை மட்டுப்படுத்துவதை அது காட்டிவிடும். சிலவற்றில் சந்தி வெப்பநிலைக்கும் உறை வெப்பநிலைக்கும் தனி முனைகள் உண்டு. வெப்பம் பரவுவதை மின்தடை, மின்தேக்கிகளால் காட்டும் அவற்றின் வெப்ப வலையமைப்பு ஃபாஸ்டர் வடிவமா, காவர் (Cauer) வடிவமா என்பதைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஃபாஸ்டரின் இடைக்கணுக்களுக்கு இயற்பியல் பொருள் இல்லாததால், ஹீட்சிங்க்கின் வலையமைப்பை அதன் கடைசியில் அப்படியே கோத்தால் விடை பிழைபடும். இத்தனை வசதிக்கும் விலை உண்டு: கணுக்கள் பெருகும், செயல்சார் மூலங்களின் (சமன்பாட்டால் வரையறுக்கப்படும் மின்னழுத்த, மின்னோட்ட மூலங்கள்) சமன்பாடுகளில் உடைப்பு இருந்தால் கணிப்பின் கால இடைவெளி சுருங்கிக்கொண்டே போய் சிமுலேஷன் ஓட்டம் நின்றுவிடும். நீண்ட நேரக் கட்டுப்பாட்டு வளையத்தை ஆராய்பவருக்கு வெறும் இலட்சிய ஸ்விட்ச் மாதிரியே மேல். சிறுசைகைப் பெருக்கிகளுக்கான எஸ்-அளவுருக் கோப்புகளைப் (அலை எவ்வளவு எதிரொளித்து, எவ்வளவு கடக்கிறது என்ற அளவீடுகள்) பொறுத்தவரை, அவை அளக்கப்பட்ட பயாஸ் புள்ளிக்கு (நிலையான இயக்க மின்னழுத்த, மின்னோட்ட நிலை) மட்டுமே செல்லுபடியாகும்.

இம்மாதிரிகள் பெரும்பாலும் தரவுத்தாளின் சராசரி வளைகோடுகளுக்கே பொருத்தப்பட்டவை. தரவுத்தாள் கேட் தொடக்க மின்னழுத்தத்தை 2 முதல் 4 வோல்ட் வரை என்று குறித்திருந்தாலும், மாதிரியில் இருப்பது ஒற்றை மதிப்புதான். ஆகவே இரண்டு மாஸ்ஃபெட்டுகளை இணையாக வைத்தால் மின்னோட்டம் சரிபாதியாகப் பிரிவதாகத் திரை காட்டும். பலகையில் அப்படி நிகழ்வது அரிது. விடிமாஸில் ஓர் அளவுருவை மாற்றி இந்தச் சமமின்மையை உடனே சோதித்துவிடலாம், மறையாக்கம் செய்யப்பட்ட சப்சர்க்யூட்டிலோ கேட்டுடன் தொடரில் ஒரு சிறு மின்னழுத்த மூலத்தைச் செருகித்தான் அதைப் பார்க்க முடியும்.