கையொப்பமிட்ட உரையா, கையொப்பமில்லாத அட்டைக் கட்டா?

அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகனுக்குக் கிட்டப்பார்வைக் குறை. மேடையேறும்போது ஒரு கண்ணில் மட்டும் கான்டாக்ட் லென்ஸ் அணிந்திருப்பார். லென்ஸ் இல்லாத கண் கையில் உள்ள அட்டையைப் படிக்கும். லென்ஸ் அணிந்த கண் எதிரே இருக்கும் கூட்டத்தைப் பார்க்கும். அந்த அட்டைகள் கோட்டுப் பையில் அடங்கும் அளவுடையவை. அவற்றில் சொற்களைத் தமக்கு மட்டுமே விளங்கும்படி வெட்டிக் குறுக்கி, பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் தம் கையாலேயே எழுதிக்கொள்வார். பேச்சு முடிந்ததும் ரப்பர் பேண்ட் போட்டுப் பையில் வைத்துவிடுவார். அவற்றில் கையொப்பம் கிடையாது, அலங்காரமும் கிடையாது.

அதிபர்களின் கையெழுத்தைச் சேகரிக்கத் தொடங்குபவர் பெரும்பாலும் இந்த அட்டைகளைத் தேடி வருவதில்லை. அழகாகத் தட்டச்சு செய்த புகழ்பெற்ற உரையின் ஒரு பக்கம், கீழே பெரிய கையொப்பம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வசதி. சந்தையில் கண்ணைப் பறிப்பது இதுதான். என் மனம் அட்டையின் பக்கமே சாய்கிறது. அந்தச் சாய்வுக்குக் காரணங்கள் உண்டு.

கையொப்பமிட்ட பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். உரை நிகழ்த்தப்பட்டபோது அந்தத் தாள் அரங்கில் இருந்ததில்லை. பின்னாளில் யாரோ கேட்டதற்காகத் தட்டச்சு செய்து, அதிபரின் மேசையில் வைத்து வாங்கப்பட்டது அது. மேசைக்குப் போயிருந்தால் அதுவே நல்லது. பல தாள்கள் அதுவரைகூடப் போனதில்லை. செயலாளர்கள் அதிபரைப் போலவே ஒப்பமிடப் பழகியிருந்தார்கள். ஆட்டோபென் என்ற இயந்திரமும் வந்தது. ஒரே அச்சைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான தாள்களில் ஒப்பமிட்டுத் தரும் கருவி அது. கென்னடி காலத்தில் அதன் பயன்பாடு மிகுந்திருந்தது. அதனால் கையொப்பத்துக்காகப் பணம் கொடுப்பவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பதே பல வேளைகளில் ஐயத்துக்குரியது. ஆனால் ஒரு பக்கம் நிறையக் குறுக்கங்களும் அடித்தல்களும் கொண்ட பேச்சுக் குறிப்பை எந்தச் செயலாளரும் அதிபருக்காக எழுதித் தந்ததில்லை. இயந்திரத்துக்கும் அந்த வேலை இல்லை.

அடுத்து, யாருடைய குறிப்பு? இருவரை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்: ரீகன், கென்னடி.

கென்னடியின் குறிப்புகளுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. 1963 ஜூன் 26 அன்று பெர்லினில் பேசுவதற்கு முன், ஜெர்மன் சொற்களைக் காதில் விழுந்தபடியே ஆங்கில எழுத்துக் கூட்டி ‘இஷ் பின் ஐன் பேர்லீனர்’ (நான் ஒரு பெர்லின்காரன்) என்று ஒலிக்கும்படி சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். அயல்மொழியில் நா தவறிவிடக் கூடாதே என்ற ஒரு மனிதரின் கவலை அந்தச் சில வரிகளில் அப்படியே படிந்திருக்கிறது. அது அமெரிக்க அரசின் காப்பகத்தில் இருக்கிறது, விலைக்கு வராது. 1960 தேர்தல் பயணத்தில் தொண்டை கட்டிக்கொண்டபோது, குரலைக் காப்பாற்றுவதற்காகப் பேசாமல் தாள்களில் எழுதிக் காட்டிய குறிப்புகளும் உண்டு. அவற்றில் சில வெளியே போயிருக்கின்றன. பேச்சாளர் ஒருவர் பேச முடியாமல் எழுதியவை என்பதால் அவற்றைப் பேச்சுக் குறிப்புகளுக்கு நெருங்கிய உறவாகவே கருதுகிறேன்.

ஆனால் கென்னடியைச் சேகரிப்பவர் மூன்று இடங்களில் தடுக்கி விழ நேரும். முதலாவது, அவர் கையெழுத்தே. கிறுக்கலான அது நாளுக்கு நாள் வேறுபடும்; கையொப்பம்கூட ஒன்றைப் போல ஒன்று இராது. ஒப்பிட்டுப் பார்க்க நிலையான மாதிரி இல்லாத கை, போலி எழுதுபவருக்கு வசதியான கை. கென்னடிக்கும் நடிகை மர்லின் மன்றோவுக்கும் இடையிலான உறவைக் காட்டுவதாகச் சொல்லி விற்கப்பட்ட தாள்கள் நினைவிருக்கலாம். 1960களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை எனப்பட்ட அத்தாள்களில் ஒன்றில், 1963இல்தான் அறிமுகமான ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தது. விற்றவர் 1999இல் தண்டனைக்கு உள்ளானார். அதற்குள் பலர் பெரும் பணத்தை இழந்திருந்தார்கள்.

இரண்டாவது, உரிமை. கென்னடி மறைந்த பின் அவருடைய செயலாளரிடமிருந்து பொருள்களும் தாள்களும் ஒரு சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தன. 1998இல் அவை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, கென்னடி குடும்பத்தாரும் தேசியக் காப்பகமும் அவற்றில் பலவற்றுக்கு உரிமை கோரினார்கள். சில திரும்பிப் போயின. மூன்றாவது, சிந்தனை யாருடையது என்ற கேள்வி. கென்னடியின் பெரிய உரைகளுக்குப் பின்னால் அவருடைய உரை எழுத்தாளர் தியோடர் சோரன்சனின் எழுதுகோல் இருந்தது. கென்னடி கையால் எழுதிய ஒரு வரி கிடைத்தால், அது அவரிடமே பிறந்ததா, வேறொருவர் வரைவிலிருந்து படியெடுத்ததா என்று கேட்காமல் இருக்க முடியாது.

ரீகன் இங்கேதான் வேறுபடுகிறார். அதிபரான பிறகு அவருக்கும் உரை எழுதுவோர் குழு இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய நீண்ட காலம் முழுக்க அவர் சொந்தக் கையையே நம்பினார். 1954 முதல் 1962 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காகத் தொழிற்சாலை தோறும் போய்ப் பேசினார். விமானத்துக்கு அஞ்சி ரயிலிலேயே பயணம் செய்த காலம் அது. திரும்பத் திரும்பப் பேசிப் பேசி மெருகேறிய அந்தப் பேச்சே 1964 அக்டோபர் 27 அன்று தொலைக்காட்சியில் ஒலித்து, அவரை அரசியல்வாதியாக்கியது. ஊருக்கேற்ப ஓர் அட்டையை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகுவார், வரிசையை மாற்றுவார். 1970களின் பிற்பகுதியில் வானொலிக்காக அவர் கைப்பட எழுதிய நூற்றுக்கணக்கான உரைகள் மஞ்சள் தாள்களில் கிடைத்தபோது, இவர் பிறர் எழுதித் தந்ததைப் படிப்பவர் என்று எண்ணியிருந்தவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 2010இல் கலிஃபோர்னியாவில் உள்ள அவருடைய நூலகத்தில், அவர் மேசையிலிருந்து வந்த ஒரு பெட்டிக்குள் மேற்கோள்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் எழுதிய அட்டைகள் அகப்பட்டன. அவற்றைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார். அவருடைய அரசியலை ஏற்காதவர்கூட அந்த உழைப்பை மதிக்கத்தான் வேண்டும், நான் மதிக்கிறேன்.

ஆனால் ரீகன் அட்டை என்று சொல்லி வருவதையெல்லாம் வாங்கிவிட முடியாது. 1978இல் இயற்றப்பட்ட அதிபர் ஆவணச் சட்டம் 1981 ஜனவரி 20 முதல் பதவியேற்பவர்களுக்குப் பொருந்தும். அந்த நாளில் பதவியேற்றவர் ரீகனே. அதற்கு முன் அதிபர்களின் தாள்கள் அவர்களுடைய சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டு வந்தன. இச்சட்டத்துக்குப் பிறகு, அதிபர் கடமையின் பகுதியாகப் பிறந்த ஆவணம் நாட்டுக்குச் சொந்தம். ஆகவே அவருடைய வாழ்க்கையை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1981க்கு முந்தைய அட்டைகளைச் சட்டச் சிக்கலின்றித் தேடலாம். 1989 ஜனவரிக்குப் பிறகு ஓய்வில் பேசியவற்றின் குறிப்புகளும் தனியார் உடைமைகளே. இடையிலுள்ள எட்டு ஆண்டுகளின் அரசு உரைக் குறிப்பு ஒன்றை யாராவது நீட்டினால், அது எப்படி அவர் கைக்கு வந்தது என்பதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். பதில் தடுமாறினால் கையை மடக்கிக்கொள்வதே நல்லது. புகழ் மிகுந்த ஆண்டுகள் அவையே என்பதால் ஆசை அங்கேதான் இழுக்கும்.

அடுத்த தேர்வு, முழுக் கட்டா, ஒற்றை அட்டையா என்பது. பணம் குறைவாக இருப்பவருக்கு ஒற்றை அட்டை போதும் என்று தோன்றும். இதில் நான் கடுமையாகவே இருப்பேன். ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் பதவியேற்கும் முன் ஒரு நீண்ட உரை தயாரானது. அவருடைய உதவியாளர் டேவிட் ஹம்ஃப்ரீஸ் வரைந்ததை வாஷிங்டன் தம் கையால் படியெடுத்திருந்தார். 70 பக்கங்களுக்கு மேல் நீண்ட அந்த உரை கைவிடப்பட்டது. பின்னாளில் வாஷிங்டனின் தாள்களைப் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ், இது வாஷிங்டனின் சொந்தப் படைப்பு அன்று என்று கருதி, அவருடைய கையெழுத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் அதைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். இன்று அந்தத் துண்டுகளைத் தேடி ஒட்டவைத்துத்தான் உரையின் ஒரு பகுதியையாவது படிக்க முடிகிறது. ஒவ்வொரு துண்டையும் வாங்கி மகிழ்ந்தவர், ஒரு முழு உரை அழிந்ததில் தமக்கும் பங்குண்டு என்று நினைத்திருக்க மாட்டார். கட்டைப் பிரித்து அட்டை அட்டையாக விற்பவரிடம் வாங்குவது இதே வேலையின் தொடர்ச்சி. பணம் போதாவிட்டால் காத்திருக்கலாம். அல்லது பெயர் பெறாத ஊரில் நிகழ்ந்த சிறிய பேச்சு ஒன்றின் முழுக் கட்டைத் தேடலாம்.

தட்டச்சு செய்த தாளை முற்றாகத் தள்ளிவிடவும் கூடாது. பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் தாக்கிய மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நிகழ்த்திய போர் உரையின் முதல் வரைவு தட்டச்சு செய்யப்பட்டதுதான். அதில் ‘உலக வரலாற்றில் நிலைக்கும் நாள்’ என்று பொருள்படும் இடத்தில் ‘உலக வரலாறு’ என்பதை அடித்துவிட்டு, ‘இழிவு’ என்ற பொருளுடைய ஒற்றைச் சொல்லை அவர் எழுதினார். உரையின் உயிரே அந்தத் திருத்தம்தான். அவர் அவையில் படித்த படியோ வெகுகாலம் காணாமற்போய், 1984இல் செனட் ஆவணங்களுக்கிடையே அகப்பட்டது. இரண்டும் பொதுக் காப்பகங்களில் பத்திரமாக உள்ளன. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் திருத்தமுள்ள வரைவையே சொல்வேன். எனவே கைத் திருத்தம் உள்ள தட்டச்சுத் தாள், வெறும் கையொப்பம் உள்ள தாளைவிட ஒரு படி மேல். அட்டைக்கு ஒரு படி கீழ்.

லிங்கனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்நாட்டுப் போர்க்களமான கெட்டிஸ்பர்க்கில் 1863இல் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையின், அவர் கையால் எழுதிய படிகளாக அறியப்பட்ட ஐந்தும் நிறுவனங்களிடம் உள்ளன. 1864 தேர்தல் வெற்றிக்குப் பின் அவர் பேசிய உரையின் கையெழுத்துப் பிரதி 2009இல் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்கு மேல் போனது. பழுப்பேற்றிய தாளில் அச்சிட்டு நினைவுப் பொருளாக விற்கும் கெட்டிஸ்பர்க் நகலைப் பாட்டனார் பெட்டியில் கண்டு மனக்கோட்டை கட்டியவர்கள் ஏராளம். அந்த நகலுக்குப் பதிலாகக் காப்பகங்களின் இணையத்தளங்களில் உள்ள மூலத்தின் உயர்தரப் படங்களைப் பார்க்கலாம்; செலவில்லை, எழுத்தும் கூர்மையாகத் தெரியும்.

ஆக, என் கையில் பணம் இருந்தால் 1960களின் ரீகன் அட்டைக் கட்டு ஒன்றையே நாடுவேன். கென்னடி தாள் ஒன்று, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற முழு வரலாற்றுடன் வந்தால் இரண்டாவதாக அதைப் பரிசீலிப்பேன். கட்டு வந்து சேர்ந்ததும் முதல் வேலை, இருக்கிற வரிசையிலேயே ஒவ்வோர் அட்டையையும் இருபுறமும் படம் எடுப்பது. பழைய ரப்பர் பேண்டை இழுத்துக் கழற்றாமல் வெட்டி எடுக்க வேண்டும். காய்ந்த ரப்பர் அட்டையில் ஒட்டிக் கறை விடும். வரிசை எண்ணை அட்டையில் எழுதாமல், அமிலமற்ற உறையின் மேல் பென்சிலால் எழுத வேண்டும். எண்கள் முன்பின்னாக இருந்தாலும் அடுக்கைச் சரிசெய்யப் போவதில்லை. கடைசியாகப் பேசிய ஊரில் எந்த அட்டையை முன்னே கொண்டுவந்தார் என்பது அந்தக் கலைந்த வரிசையில்தான் இருக்கிறது.