கார் மீட்டர்ல எரியிற எச்சரிக்கை லைட்ட அணைக்க நாலு வழி: பல்ப் கழட்டுறதா, கோட் அழிக்கிறதா, ரெசிஸ்டர் போடுறதா, பழுது பார்க்கிறதா?

போன மாரியில கல்முனைப் பக்கம் ஒரு ஆளிட்ட நிசான் சன்னி எஃப்பி 15 கார் ஒண்டு வாங்கினன். பொடி நல்லம், ஏசி நல்லம், மீட்டர்ல ஒரு லைட்டும் எரியல்ல, அத நம்பித்தான் காசக் குடுத்துட்டு மட்டக்களப்பு கல்லடிக்குக் கொண்டு வந்தன். ரெண்டு கிழமையால ஹோன் ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் அடிக்காது. அதக் காட்டுவம் எண்டு நம்மட வேப்ப மரத்தடி கராஜுக்குப் போனா, பாஸ் (மெக்கானிக்) ஹோன அமத்திப் பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணாம திறப்ப ஓன்ல மட்டும் வைக்கச் சொன்னார். "மனே, எயார்பேக் லைட்டப் பாரு, எண்ணு." பத்து எண்ணியும் எரியுது, இருபது எண்ணியும் எரியுது. "இப்ப ஸ்டார்ட் பண்ணு." எஞ்சின் பிடிச்ச அதே நொடியில பெட்டரி லைட்டும் எயார்பேக் லைட்டும் ஒண்டா அணைஞ்சிச்சு.

மீட்டரக் கழட்டினா பின் பக்கத்துல ஒரு சாண் நீளத்துக்கு சிவப்பு வயர். எயார்பேக் லைட்டுக்கு வாற லைன வெட்டிப்போட்டு, அத பெட்டரி லைட்டோட சேர்த்து ஈயம் வச்சிருக்காங்க, மேல கறுப்பு டேப், வெக்கையில பசை உருகி விரல்ல ஒட்டுது. எயார்பேக் லைட் எண்டா திறப்பப் போட்டதும் எரிஞ்சு, தன்னச் சோதிச்சு முடிச்சு, ஆறேழு செக்கன்ல தானா அணையணும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகுதோ இல்லையோ அதுக்குக் கணக்கில்ல. பெட்டரி லைட்டும் ஒயில் லைட்டும் அப்பிடி இல்ல, எஞ்சின் ஓடினாத்தான் அணையும். எயார்பேக் லைட் அதுகளோட சேர்ந்து அணைஞ்சா ஆரோ கை வச்சிட்டாங்க. வண்டி வாங்கப் போற எல்லாரும் முதல் இதத்தான் பார்க்கணும், இத நான் காசு குடுக்க முந்தித் தெரிஞ்சிருக்கணும்.

அதுக்குப் பிறகுதான் இந்த லைட் அணைக்கிற வேலையள எல்லாம் ஒவ்வொண்டாக் கேட்டுப் பார்த்து ஒப்பிட்டன்.

பல்ப் கழட்டுறது, டேப் ஒட்டுறது, இல்லாட்டி எனக்கு நடந்த மாதிரி இன்னொரு லைட்டோட கோர்க்கிறது, இதுதான் ஆக மலிவு, அரை மணித்தியால வேலை. பழைய வண்டியில பல்ப் திருகிக் கழரும், புது வண்டியளில எல்இடி தட்டோட சேர்த்து ஒட்டியிருக்கிறதால அங்க டேப்புதான். இதுல ஆக மோசமானது ஒயில் லைட்டுல செய்யிறது. அந்தச் சிவப்பு லைட் எரிஞ்சா உடனே ஓரம் கட்டி எஞ்சின நிப்பாட்டணும், இல்லாட்டி பெயரிங் பிடிச்சு எஞ்சினே போயிடும். செங்கலடியால ஏறி மஹா ஓயாப் பக்கம் பதுளைக்குப் போற ஆக்கள் யோசிச்சுப் பாருங்க, ஒரு கராஜும் இல்லாத இடத்துல ஒயில் குறைஞ்சா உங்களுக்கு ஆர் சொல்றது? பெட்டரி லைட்டுல இன்னொரு விசயமும் இருக்கு. பழைய வண்டி சிலதுல ஒல்டனேட்டர் சார்ஜ் பண்ணத் தொடங்கிறதுக்கு வேண்டிய முதல் கரண்டே அந்தப் பல்புக்குள்ளால தான் போகும், பல்பக் கழட்டினா சார்ஜே ஏறாமப் போகலாம்.

மீட்டர அழகாக்கிறம் எண்டு எல்இடி மாத்துற தம்பிமாரும் இதக் கவனிக்கணும். பின்னுக்கு எரியிற வெளிச்சத்த என்ன நிறத்துக்கு மாத்தினாலும் பெரிசா ஒண்டும் இல்ல, ஆனா எச்சரிக்கை லைட்டுக்குப் பின்னால நீல எல்இடி போட்டா சிவப்பு பிளாஸ்டிக்குக்கால நீலம் வெளிய வராது, பகல்ல எரியிறதே தெரியாது. சிவப்பு எண்டா நில், மஞ்சள் எண்டா கெதியாக் காட்டு எண்டுற முறை எல்லா நாட்டு வண்டிக்கும் பொது, அந்த நிறத்துல கை வைக்காதீங்க. அந்த லைட்டுகளுக்குப் பழைய பல்பே போதும்.

அடுத்தது கோட், அதாவது கார் கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கிற பழுது நம்பர், அத அழிக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற சொக்கெட்டுல மாட்டுற புளூடூத் ஸ்கேனர் இப்ப ஒரு டயர் விலைக்கும் வராது, போன்ல ஒரு அப் இருந்தாப் போதும். நானும் ஒண்டு வச்சிருக்கன், நல்ல சாமான், ஆனா அது வாசிக்கத்தான். அழிச்சா செக் எஞ்சின் லைட் போகும், பழுது போகாது, ரெண்டு மூண்டு நாள் ஓடினோண்ண கம்ப்யூட்டர் திரும்பச் சோதிச்சு திரும்ப எரிய வைக்கும். இதுக்குள்ள ஒரு நட்டமும் இருக்கு, பழுது வந்த நேரம் எஞ்சின் என்ன சூட்டுல என்ன ஸ்பீட்டுல ஓடினது எண்டு கம்ப்யூட்டர் குறிச்சு வச்சிருக்கும், கோட் அழிக்கக்க அதுவும் சேர்ந்து அழியும், மறுகா கராஜுக்குக் கொண்டு போனா பாஸ் இருட்டுல தேடுற மாதிரி. பெற்றோல் மூடி சரியா இறுகாம வாற கோட் மாதிரி சின்ன விசயத்துக்கு மூடிய இறுக்கிப்போட்டு அழிக்கிறது சரி. லைட் விட்டு விட்டு மினுங்கினா அழிக்கிற கதையே இல்ல, அது மிஸ்ஃபயர், எரியாத பெற்றோல் புகையச் சுத்தமாக்குற கட்டலிக் கன்வேட்டருக்குள்ள போய் அத உருக்கும், அக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து மெதுவா ஓடி நேரா கராஜுக்குப் போங்க. விக்கிறதுக்கு முதல் நாள் அழிச்ச வண்டியக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கு, ஸ்கேனர்ல ரெடினஸ் எண்டு ஒரு பக்கம் வரும், அதுல கம்ப்யூட்டர் செய்யிற சோதனையள் நிறைய இன்னும் முடியல்ல எண்டு காட்டினா சமீபத்துல கோட் அழிச்சிருக்காங்க, இல்லாட்டி பெட்டரி கழட்டியிருக்காங்க.

மூண்டாவது ஏமாத்துச் சாமான் போடுறது. எயார்பேக்குக்கு ரெசிஸ்டர் (கரண்டுக்குத் தடை குடுக்கிற சின்னச் சாமான்), கன்வேட்டருக்குப் பின்னால இருக்கிற ஒட்சிசன் சென்சருக்கு ஸ்பேசர் (சென்சரப் புகையில இருந்து விலத்தி வைக்கிற குழாய்த் துண்டு). எயார்பேக் கம்ப்யூட்டர் எப்பவும் லைன்ல சின்னக் கரண்ட் விட்டு ரெண்டு ஓம் அளவுல தடை இருக்கா எண்டு பார்த்துக்கொண்டே இருக்கும். எயார்பேக் வெடிச்ச வண்டிக்கு அந்த அளவுல ஒரு ரெசிஸ்டரச் செருகி ஸ்டியரிங் மூடிய ஒட்டிவிட்டா லைட் சொன்ன நேரத்துக்கு அழகா அணையவும் கூடும், அப்ப நான் மேல சொன்ன எண்ணுற சோதனையிலயும் பிடிபடாது. எனக்கு ஆகக் கோபம் வாறது இதுலதான். பல்ப் கழட்டினவன் லைட்ட மறைச்சான், இவன் உள்ளுக்குப் பையே இல்லாத ஸ்டியரிங்க ஒரு குடும்பத்துக்கு வித்துட்டான். மூடியில பிளவு, ஒட்டின கோடு, டாஷ்போர்ட்டுல நிறம் மாறின இடம், இதுகளக் கையால தடவிப் பாருங்க, சந்தேகம் எண்டா காசு குடுத்தாவது கழட்டிக் காட்டச் சொல்லுங்க.

ஸ்பேசர் அந்தளவு ஆபத்து இல்ல, ஆனா இங்க இலங்கையில அது பிரயோசனமும் இல்ல. வருசா வருசம் வண்டிக்கு லைசன்ஸ் எடுக்க எமிஷன் சேர்ட்டிபிகேட் வேணும், அங்க சைலன்சருக்குள்ள குழாய விட்டு வாற புகையைத்தான் அளக்கிறாங்க, கன்வேட்டர் செத்திருந்தா ஸ்பேசர் அந்தப் புகையச் சுத்தமாக்காது. லண்டன்ல இருக்கிற மச்சான் சொல்லுவார், அங்க 2018 மே மாதத்துல இருந்து எம்ஓடி எண்டுற வருசாந்த வாகனச் சோதனையில எஞ்சின் லைட் எரிஞ்சாலே ஃபெயில், பெற்றோல் வண்டி எண்டா 2003 ஜூலையில இருந்து ரோட்டுக்கு வந்ததுகளுக்கு. எயார்பேக் லைட், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கக்க டயர் பூட்டாமக் காக்கிறது) லைட் எரிஞ்சாலும் ஃபெயில்தான்.

மிச்சம் பழுது பார்க்கிறது. இதுக்கு எப்பவும் பெரிய செலவு எண்டுறது பிழையான பயம். என்ட அண்ணன்ட வண்டியில ஏபிஎஸ் லைட் எரிஞ்சிச்சு, ஒரு இடத்துல மொடியூல் மாத்தணும் எண்டாங்க, இன்னொரு இடத்துல பல்பக் கழட்டித் தாறன் எண்டாங்க. நம்மட பாஸ் முன் டயரக் கழட்டி சென்சர வெளிய எடுத்தார், நுனியில இரும்புத் தூள் மீசை மாதிரிப் படிஞ்சிருந்திச்சு, இருந்த துவாரத்துல உப்புக் காத்துக்குக் கறள் பொங்கி சென்சரத் தூக்கி விட்டிருக்கு. பழைய பல் விளக்குற பிரஷ், கொஞ்சம் உப்புத்தாள், ஒரு மணித்தியாலம். வாவிப்பக்கம் ஒரு ரவுண்ட் ஓடினோண்ண லைட் தானா அணைஞ்சிச்சு. கடலுக்கும் வாவிக்கும் நடுவுல இருக்கிற நமக்கு, அதுவும் மாரி வெள்ளத்துல ஓடின வண்டிக்கு, முதல் பார்க்க வேண்டியது கறளும் சொக்கெட்டுத் தண்ணியும்தான். ஏபிஎஸ் மஞ்சள் லைட் தனிய எரிஞ்சா சாதாரண பிரேக் பிடிக்கும், மெதுவா ஓடி வரலாம், அதோட சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா நிப்பாட்டிப் பிரேக் ஒயிலப் பாருங்க.

என்ட சன்னிக்கு வந்தது ஸ்டியரிங்குக்குள்ள சுத்திக் கிடக்கிற ஸ்பைரல் கேபிள் அறுந்தது, ஹோன் லைனும் எயார்பேக் லைனும் அதுக்குள்ளாலதான் போகுது, அதான் ஹோனும் விட்டு விட்டு அடிச்சது. புதுசுக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையள்ல இருந்து எடுக்கிற பழசுக்கும் விலை நல்ல வித்தியாசம். சென்சர், மிரர் எண்டா பழசு எடுக்கலாம், ஆனா இந்தக் கேபிள் எத்தினை தரம் சுத்தித் தேஞ்சது எண்டு வெளியால பார்த்துத் தெரியாது, அதால நான் புதுசுதான் எடுத்தன். பாஸ் பெட்டரி நெகட்டிவக் கழட்டிட்டு ஒரு பிளேன்டீ குடிச்சு முடியும் வரைக்கும் ஸ்டியரிங்கத் தொடல்ல, உள்ளுக்கு மிஞ்சின கரண்ட் இறங்கணும் எண்டார். கேபிள நடுவுக்குச் சரி பார்த்துப் பூட்டி, மீட்டர்ல அந்தச் சிவப்பு வயரப் பிடுங்கி லைன்ட பழைய இடத்துல ஈயம் வச்சார். திறப்பப் போட்டன். லைட் எரிஞ்சிச்சு, ஏழு எண்ண முந்தி தனிய அணைஞ்சிச்சு, பெட்டரி லைட் அப்பவும் எரிஞ்சுகொண்டு இருந்திச்சு.